அலமாரியைத் தாழ்த்திய அம்மையார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

மாண்டிசோரி என்னும் பெயரைத் தனியார் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து அதை எத்தனையோ முறை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். அது ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் பெயர் என்றே பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை எண்ணியிருந்தேன். அது ஓர் இத்தாலிய அம்மையாரின் பெயர் என்பதும், அவர் ஒரு மருத்துவர் என்பதும், நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் என்பதும் கல்லூரிக்கு வந்த பிறகே தெரிந்தன. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று நாம் நினைத்திருக்கும் அம்முறை, மனநல விடுதியில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளிடத்தும் கூலிக்காரர் குடியிருப்பில் சுவரைப் பாழாக்கித் திரிந்த பிள்ளைகளிடத்தும் பிறந்தது என்று அறிந்த நாள் முதல், அவர் வரலாற்றை எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று. அதற்கு என் தம்பியும் ஒரு காரணம். அவனை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் வீடு தச்சநல்லூரில். அப்பா நயினார்குளம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவர். அம்மா பீடி சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் நானே முதல். தம்பி எனக்கு இரண்டு வயது இளையவன். நாங்கள் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் செயல்வழிக் கற்றல் நடைமுறையில் இருந்தது. பெஞ்சு கிடையாது; பாயில் வட்டமாக அமர்வோம். சுவரின் அடிப்பகுதியில் கறுப்பு வண்ணம் பூசி ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்திருப்பார்கள். கீழ்மட்டக் கரும்பலகை என்று அதற்குப் பெயர். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் நாங்கள் வரைந்த படங்கள் தொங்கும். பாட அட்டையை எடுக்கவும் எழுந்து போக வேண்டும், திரும்ப வைக்கவும் எழுந்து போக வேண்டும். அந்த ஆண்டுகளில் தம்பியைக் குறித்து ஒரு குறையும் வீட்டுக்கு வந்ததில்லை.

ஆறாம் வகுப்புக்கு வேறொரு பள்ளிக்குப் போனான். நால்வர் அமரும் பெஞ்சில் ஆறு பேர். இவனுக்குச் சுவரோரத்து இடம். ஐந்து பேர் எழுந்து வழிவிட்டால்தான் வெளியே வர முடியும். அடுத்தவனைக் கிள்ளினான், டெஸ்க்கைத் தட்டிக்கொண்டே இருந்தான், ஒருநாள் சன்னல் கொண்டியைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொண்டான். அதன் பிறகு வராந்தாவே அவன் வகுப்பாயிற்று. அடங்காதவன் என்ற பெயர் வந்துவிட்டது. அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய்த் தலைமையாசிரியர் அறை வாசலில் கைகட்டி நின்றார். ஒன்பதாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. அதே பிள்ளைதான், மாறியது அறை. இதைச் சொல்ல அன்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அறைதான் பிள்ளையை ஆக்குகிறது, அழிக்கிறது என்று நான் வாதிட வரவில்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அறையை ஒருவரும் பார்க்கவில்லை என்பது உண்மை.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், இத்தாலியில் அங்கோனா நகரை அடுத்த கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசு ஊழியர். தாயார் படிப்பில் மிகுந்த பற்றுடையவர். குடும்பம் 1875-இல் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகளே பெரும்பான்மையாகப் படித்த தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியாளராக வேண்டும் என்பது அப்போதைய விருப்பம். பின்னர் மனம் மாறி மருத்துவம் படிக்க விரும்பினார். அதற்கு முன் 1890 முதல் இரண்டாண்டுகள் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தவை தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல், உடற்கூறு ஆகியவை. அதாவது, இன்று நாம் படிக்கும் பாடங்கள்! இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை விலங்கியல் மாணவியர் அறிவர்.

1893-இல் மருத்துவ வகுப்பில் இடம் கிடைத்தது. ஆடவரோடு ஒரு பெண் சேர்ந்து நின்று உடலை அறுத்துப் பார்ப்பது தகாது என்று அக்காலத்தார் கருதியதால், எல்லோரும் போன பிறகு, மாலை வேளையில் தனியே பிணவறையில் அவர் அறுவைப் பயிற்சி செய்ய நேர்ந்தது. பிணத்தின் வாடையும் மருந்தின் வாடையும் தாளாமல் புகைபிடித்துச் சமாளித்தாராம். தவளையையே மூக்கைப் பொத்திக்கொண்டு தொடும் நமக்கு இதன் அருமை தெரியும். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணி. சோதனைக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக நகரத்து மனநல விடுதிகளுக்குச் செல்வது வழக்கம். அங்கே, அறிவு குறைந்தவர்கள் என்றும் அடக்க முடியாதவர்கள் என்றும் முத்திரை குத்தப்பட்ட சிறு பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். அவர் வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைத் தவறாமல் கூறுவர். ஒரு விடுதியில் பிள்ளைகள் இருந்த அறையைக் காட்டிய பணிப்பெண், சாப்பாடு முடிந்ததும் இவை தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன என்று அருவருப்போடு சொன்னாளாம். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர், வேறொன்றும் இல்லை. தொட, பிடிக்க, உருட்ட, அடுக்க ஒரு துரும்பு இல்லை. அந்த வெற்று அறையில் கைக்குக் கிடைத்த ஒரே பொருள் ரொட்டித் துணுக்கு. வயிற்றுப் பசியன்று, கைப் பசி என்று அவர் கண்டுகொண்டார். பணிப்பெண் பிள்ளைகளைப் பார்த்தாள். மருத்துவர் அறையைப் பார்த்தார்.

இப்பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்தினும் கல்வியே என்று அவருக்குத் தோன்றியது. பிரான்சு நாட்டில் காட்டில் பிடிபட்ட ஒரு சிறுவனைப் பழக்கப் பாடுபட்ட இட்டார்டு என்ற மருத்துவரின் நூலையும், அவர் மாணவர் செகன் எழுதியவற்றையும் தேடிப் பிடித்தார். அச்சில் படித்தால் மனத்தில் தங்காது என்று அவற்றை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே பெயர்த்து எழுதினார் என்றால் அவர் ஊக்கத்தை என்னென்பது! 1900-ஆம் ஆண்டு இத்தகைய பிள்ளைகளுக்காகவும் அவர்களின் ஆசிரியர்களுக்காகவும் ரோமாபுரியில் தொடங்கிய பள்ளிக்கு இரு இயக்குநர்களுள் ஒருவரானார். பகலெல்லாம் பிள்ளைகளோடு, இரவில் குறிப்பெழுதுதல். அவர்களுள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரின் கவலையோ வேறு. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடியுமென்றால், நல்ல நிலையிலுள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்று அவர் வருந்தினார். ஏறத்தாழ அதே காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நம் தாமிரபரணிக்கு அக்கரையில் பாளையங்கோட்டையிலும் காது கேளாத பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தோன்றிவிட்டது என்பதை நெல்லைச் சீமையார் பெருமையோடு நினைக்கலாம்.

இங்கே ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே பள்ளியின் மற்றோர் இயக்குநரான மருத்துவர் மாண்டசானோவுக்கும் அம்மையாருக்கும் 1898-இல் மாரியோ என்ற ஆண்மகவு பிறந்தது. மணம் நடக்கவில்லை. செய்தி வெளிப்பட்டால் தொழிலும் மானமும் போய்விடும் என்ற நிலையில் குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்க விட்டார். ஊரார் பிள்ளைகளுக்காக இரவெல்லாம் கண்விழித்தவர், தம் பிள்ளையை எப்போதாவது போய்ப் பார்த்துவரும் விருந்தாளியாக இருந்தார். பதினைந்து வயதளவில்தான் மாரியோ தாயோடு வந்து சேர்ந்தான். இதை அவர்மீது குற்றமாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆணுக்கு நேராத தண்டனை அவருக்கு நேர்ந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இனி வருவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் பகுதி. அங்கே பாழடைந்து கிடந்த அடுக்குமாடிக் கட்டடங்களை ஒரு நிறுவனம் செப்பனிட்டுக் குடிவைத்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் படிக்கட்டிலும் நடையிலும் திரிந்து புதுச் சுவரையெல்லாம் கிறுக்கிப் பாழாக்கினர். சுவரைக் காப்பாற்றுவதற்காகவே, ஆம், பிள்ளைகளுக்காக அன்று, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினர், அம்மையாரை அணுகினர். 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அக்கட்டடத்திலேயே முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அழுகையும் அச்சமும் முரட்டுத்தனமும் அவர்களோடு வந்தன.

அக்காலத்துப் பள்ளிகளில் பெஞ்சு என்பது ஓர் அறிவியல் சாதனையாகவே கருதப்பட்டது. முதுகு வளையாமலிருக்க அளவெடுத்து, பிள்ளை எழவோ திரும்பவோ இயலாதபடி தரையோடு பொருத்துவார்கள். நம் ஆய்வகத்து அட்டைப்பெட்டியில் ஊசி குத்திய பட்டாம்பூச்சிகள் வரிசையாக இருக்கின்றனவே, அம்மையாரும் அப்பெஞ்சுகளுக்கு அந்த உவமையையே எடுத்தாண்டிருக்கிறார். தம் இல்லத்தில் அவர் செய்தது இதற்கு நேர்மாறு. நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து தூக்கிச் செல்லக்கூடிய இலேசான மேசைகள், சிறு நாற்காலிகள், மூன்று வயதுப் பிள்ளைக்கும் எட்டும் தாழ்ந்த கை கழுவுமிடம், மிகச் சிறியவனும் எழுதக்கூடிய தாழ்வில் கரும்பலகை. இவற்றைப் படித்தபோது என் தொடக்கப் பள்ளியின் கீழ்மட்டக் கரும்பலகை நினைவுக்கு வந்து சற்றுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இலேசான நாற்காலி கவிழ்ந்து சத்தம் வருமே, பீங்கான் தட்டு உடையுமே என்று பலர் தடை சொன்னார்கள். அம்மையார் கருத்தோ, சத்தம் வர வேண்டும் என்பதே. தரையோடு பொருத்திய பெஞ்சில் மோதினால் பிள்ளைக்குத் தன் தவறு தெரியாது. நாற்காலி விழுந்தால் தெரியும். உடையாத தகரத் தட்டைக் கொடுத்தால் கவனம் வராது. உடையும் தட்டைக் கொடுத்தால் வரும். அடிப்பதும் அதட்டுவதும் செய்ய வேண்டியதை மேசை நாற்காலியே செய்துவிடுகிறது. இதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஐம்பது பிள்ளைக்கு ஒரே ஆசிரியை இருக்கும் இடத்தில் உடைந்த பீங்கானை யார் பொறுக்குவது? ஆயினும் சான் லொரென்சோவிலும் ஒரே ஆசிரியைதான் இருந்தார் என்பதை எண்ணி வாயை மூடிக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் விளையாட்டுக் கருவிகள் யாவும் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஆசிரியை திறந்து எடுத்துத் தருவார், பின்பு வாங்கி வைத்துப் பூட்டுவார். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வரவும் தாமதமாயிற்று. வந்து பார்த்தால் பிள்ளைகள் அலமாரியைத் திறந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போய் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்குத் திருட்டாகப் பட்டது. தண்டிக்க வேண்டும் என்று எண்ணினார். அம்மையாருக்கு அது வேறாகப் பட்டது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது, எது தனக்கு வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இனிப் பூட்டு எதற்கு? உயர்ந்த அலமாரி போயிற்று. பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்ந்த அலமாரிகள் வந்தன. அவரவர் எடுப்பது, அவரவர் வைப்பது. ஒரு கருவி ஒன்றே இருக்கும். அடுத்தவன் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருத்தல் என்னும் பாடத்தை வாயால் சொல்லாமல் அலமாரியால் சொல்லிக் கொடுத்தார். உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவித் தடவிப் படிக்க வைத்ததும் அங்கேதான். முரடர் எனப்பட்ட பிள்ளைகள் அமைதியாக வேலை செய்வதைக் காணப் பல நாட்டாரும் வந்தனர்.

புகழ் பரவிய கதையை விரித்துரைக்கத் தேவையில்லை. 1909-இல் நூல் வெளிவந்தது; 1915-இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவருக்குள் வகுப்பு நடத்திக் காட்டப்பட்டது. 1931-இல் லண்டனில் அவரது பயிற்சிக் கல்லூரியில் காந்தியடிகள் வந்து பேசினார். முசோலினியின் அரசு அவர் பள்ளிகளுக்குச் சில ஆண்டுகள் ஆதரவு தந்தது. அம்மையாரும் அதை ஏற்றார். இது அவர் வாழ்வில் எனக்குப் பிடிக்காத பகுதி. பள்ளிகளைத் தன் கருத்துக்கு வளைக்க அரசு முனைந்தபோது அவர் வளையவில்லை. 1934-இல் உறவு முறிந்து இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. இட்லரின் ஜெர்மனியிலும் அதே கதை.

1939-ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைப்பின் பேரில், மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது அறுபத்தொன்பது. சில மாதங்கள் தங்கிப் போக வந்தவர்தான். ஏறத்தாழ முந்நூறு பேர் அவர் வகுப்பில் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவும், இருவரும் ஒரே நாளில் பகைநாட்டார் ஆயினர். மாரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோயினர். அம்மையாரைச் சபை வளாகத்தைவிட்டு நீங்கலாகாது என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அவரது எழுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு வைசிராய் மாரியோவை விடுவித்தார். அந்த ஆணையில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஊரறியச் சொல்ல முடியாதிருந்த உறவை, அயல்நாட்டு அரசின் ஒரு தாள் சொல்லிவிட்டது.

பின்னர் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்க அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு சிறு பள்ளி. பல நாட்டுப் பிள்ளைகள், பல வயதினர். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான முறையை அவர் மேலும் வளர்த்தது இம்மலையில். செடியும் பூச்சியும் பாறையும் பாடமாயின. அறை என்பது நான்கு சுவரோடு முடியவில்லை. 1946-இல் ஐரோப்பா திரும்பி, மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். ஆங்கிலத்தில் அவரது புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று 1949-இல் முதலில் அச்சானது சென்னையில். நோபல் அமைதிப் பரிசுக்கு மும்முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு வரவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஆலந்து நாட்டில் கடலோர ஊரொன்றில் மறைந்தார். இறந்த இடத்திலேயே புதைக்குமாறு அவர் விரும்பியிருந்தார். அங்கேயே அடக்கம் செய்தனர்.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு உடனடிக் காரணம் எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஓர் அங்கன்வாடிக்கு வண்ணம் பூசும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. அங்கே நாலு வயதுப் பையன் ஒருவன். கையில் கிடைத்ததையெல்லாம் வீசுவான், மற்றப் பிள்ளைகளைக் கடிப்பான். அவன் கைக்கு எட்டாதபடி பொம்மைகளையெல்லாம் சுவரின் உச்சியில் பலகை அடித்து வைத்துவிட்டார்கள். இன்னும் ஓர் அடி உயர்த்தித் தர முடியுமா என்று அங்குள்ள அக்கா எங்களைக் கேட்டார். இருபது பிள்ளைகளை ஒருவராகப் பார்ப்பவர், கேட்டதில் தவறில்லை. எனக்குத்தான் கை ஓடவில்லை.

தம்பி இப்போது ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்கிறான். எங்கள் ஊர்ப் பெயரிலேயே தச்சன் இருக்கிறான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அன்று மாலை அவனிடம் போய், கதவில்லாத தாழ்ந்த அலமாரி ஒன்று வேண்டும் என்றேன். உயரம் எவ்வளவு என்று கேட்டான். தெரியவில்லை. மறுநாள் டேப்பை எடுத்துப் போய்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தோளுயரம் அளந்து எழுதிக்கொண்டு வந்தேன். மேல்தட்டு இரண்டடிக்கு மேல் போகக் கூடாது என்று முடிவாயிற்று. மிச்சப் பலகைகளைப் பட்டறை முதலாளி சும்மாவே தந்தார். இரண்டு இரவில் தம்பி செய்து முடித்தான். நான் சொல்லாமலேயே மூலைகளை இழைத்து உருட்டி, உப்புத்தாளால் நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். யாருக்காக என்று அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை; அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி தேய்த்தான்.

அலமாரி போய்ச் சேர்ந்த அன்று அந்தப் பையன் அதிலிருந்த எல்லாவற்றையும் இழுத்துத் தரையில் கொட்டினான். இரண்டாம் நாளும் கொட்டினான். மூன்றாம் நாள் கொட்டிவிட்டு, மரக்கட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். ஏழு நாளில் முகாம் முடிந்துவிட்டது. தம்பி வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி அவ்வப்போது எட்டிப் பார்த்து வருகிறான். போன வாரம் கீழ்த்தட்டு ஒன்று ஆட்டம் கண்டிருக்கிறதென்று ஆணியும் சுத்தியலும் கொண்டு போனான்.